முப்பத்தெட்டாம் அளவு

வூட்ச் நகரில் டிராம் ஓட்டுகிறேன்.
வேலை முடிந்ததும் மூடிப்போன பஞ்சாலையின்
மூன்றாம் மாடிக்கு ஏறி
உள்ளாடையோடு நிற்பேன்.
டோப்ராவா என்மேல் துணியைப் போட்டு
குண்டூசி குத்துவாள்.
பதினோரு வருடமாக.

மாடலுக்குக் கொடுக்கக் காசில்லாத நாளில்
படிக்கட்டில் வழிமறித்து
"நீ முப்பத்தெட்டா?" என்று கேட்டாள்,
பேர்கூடக் கேட்காமல்.
ஆமாம் என்றேன். அது ஏறக்குறையப் பொய்.
கூலி மாதம் ஒரு பாவாடை.
சில மாதம் பீட்ரூட் சூப்.

முதல் கண்காட்சியில்
எங்கள் மேசைக்குக் கிடைத்த இடம் கழிப்பறை வாசல்.
"வரிசை இதுதானா?" என்று வந்தார்கள்.
இதுதான் என்று சொல்லிச் சொல்லி
இரண்டு கோட்டு விற்றோம்.

உப்பு விற்கப் போனால் மழை,
மாவு விற்கப் போனால் காற்று.
கம்பளிக் கோட்டு தைத்து அடுக்கிய வருடம்
குளிர்காலம் வரவேயில்லை.
அடுத்த வருடம் லினன்.
ஆகஸ்டு முடியும்வரை குடையை மடக்கவில்லை யாரும்.

அவள் வைத்த சாய்வுப் பை ஒன்று உண்டு,
வலப்பக்கம் மட்டும்.
என் இடக்கை எப்போதும் வண்டியின் கைப்பிடியில்;
குளிர்வது வலக்கைக்குத்தான்.
ஒருநாள் பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால்
அதே பை, அதே சாய்வு,
இரண்டு பக்கமும்.
போய்ச் சொன்னேன். சிரித்தாள்.
பிறகு வக்கீலின் ஒரு மணி நேரம்
நான்கு கோட்டின் விலை என்று தெரிந்ததும்
சிரிப்பதை நிறுத்தி
விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கோபன்ஹேகனிலிருந்து ஒருவர் வந்தார்.
என்னைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்,
மரச்சாமான் வாங்குகிறவர்போல.
"நாற்பது எடுத்துக்கொள்கிறேன்.
இடுப்பில் மட்டும்
நான்கு சென்டிமீட்டர் குறையுங்கள்."
நான் மூச்சை உள்ளே இழுத்தேன்.
அந்த வருடம் என் இடுப்பு
நான்கு சென்டிமீட்டர் கூடியிருந்தது.
டேப்பைப் பிடித்த கைக்குத் தெரியும் அது.
மறுத்தாள் என்று எழுத ஆசைதான்.
மறுக்கவில்லை. வங்கிக்கு இருபத்தாறாயிரம் ஸ்லோட்டி கடன்.
நாற்பதையும் அவர் கேட்டபடியே தைத்தாள்.
எனக்கு ஒன்றிலும் பொத்தான் எட்டவில்லை.

தொண்ணூறு நாளில் பணம் என்றார்.
எண்பத்தேழாம் நாள் அவர் கம்பெனி திவால்.
முப்பத்தொன்று திரும்பி வந்தன,
இரண்டு அட்டைப்பெட்டியில்,
தபால் செலவு எங்கள் தலையில்.

அன்றிரவு கத்தரியை எடுத்தாள்.
எல்லாவற்றையும் வெட்டி எறியப் போகிறாள் என்று பயந்து
கதவருகே நின்றேன்.
அவள் விலாத்தையலைப் பிரித்தாள்.
உள்ளே, லைனிங்குக்கும் துணிக்கும் நடுவில்,
பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்
மடித்து வைத்திருந்தாள், முப்பத்தொன்றிலும்.
துணி வீணாகுமே என்று வைத்தாளா,
இப்படி ஆகும் என்று வைத்தாளா,
நான் கேட்கவில்லை.
"வெளியே விடு மூச்சை" என்றாள்.
விட்டேன்.

அதிலிருந்து இந்தக் கடையின் முப்பத்தெட்டு
ஊரில் வேறெந்த முப்பத்தெட்டும் இல்லை.
"இதைப் போட்டுக்கொண்டு உட்கார முடிகிறது" என்று
போஸ்னானிலிருந்து ஒரு பல் டாக்டர்
கடிதம் எழுதியிருந்தார்.
அதைக் கடன் ரசீதுகளோடு
ஒரே ஆணியில் குத்தி வைத்திருக்கிறாள்.

நேற்று, நவம்பர் இருட்டில்,
என் கண்ணாடியில் ஒருத்தி தெரிந்தாள்.
மூன்றாம் இருக்கை, மடியில் முட்டைக்கோசு,
அசந்த தூக்கம்.
கோட்டு வயிற்றில் இழுக்கவில்லை,
முழங்காலில் விரியவில்லை.
விலாவில் பழைய தையல் இருந்த கோடு மட்டும்
மெலிதாக, நிறம் மங்காமல்.
அதைக் கண்டுபிடிக்க
அங்கே ஊசி குத்தப்பட்டிருக்க வேண்டும்.
சந்தைத் திருப்பத்தில் வண்டியை
மெதுவாக விட்டேன்.
பின்னால் வந்த கார்க்காரன் திட்டினான்.

மாடியேறி டோப்ராவாவிடம் சொன்னேன்.
"பொத்தான் எல்லாம் இருந்ததா?" என்றாள்.
நாலாவது இல்லை.
"அந்த நூல் சரியில்லை,
அப்போதே நினைத்தேன்" என்று
வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு
முணுமுணுத்தாள்.
பிறகு, "கையைத் தூக்கு."